தையல் அக்கா உட்கார்ந்த புத்தகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், உன் அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, உன் அண்ணன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பொக்கை வாயோடு நாள் முழுக்கச் சிரிக்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதே, வயிறு எரிகிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், இரண்டாலும் காரியம் ஆகாது என்றுதான் பேனாவை எடுத்தேன். கடைசிவரை படி.

உன் பதிப்பகத்தாரிடம் சொல்லி உன் கிறிஸ்துமஸ் படப் புத்தகத்தை நான் வேலை செய்கிற பைண்டிங் கூடத்துக்கே அனுப்பவைத்தாய், அம்மா கையால் கட்டப்பட வேண்டும் என்று உனக்கு ஆசை, எனக்கும் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன். அச்சடித்த தாள்கள் வந்து இறங்கிய அன்று கூடம் முழுக்கச் சிரிப்பு. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பொம்மைப் பட்டறையில் குள்ளர்கள் உட்கார முக்காலி கேட்டுச் சுத்தியலைக் கீழே வைப்பதும், ஓய்வு தராவிட்டால் பறக்கமாட்டோம் என்று மான்கள் படுத்துக்கொள்வதும், தாத்தாவே வண்டியை இழுக்கப்போய்க் கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிவதும், எங்கேயடி கற்றாய் இதையெல்லாம். தையல் அக்காவை மறந்திருக்கமாட்டாய், தாள்களை நூலால் தைக்கிற மெஷினில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள், பள்ளிக்கூடம் விட்டு நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது உனக்குப் பென்சில் சீவித் தந்தவள். அவள்தான் குள்ளர்கள் முக்காலி கேட்கிற பக்கத்தை உரக்கப் படித்தாள், நம்ம சூப்பர்வைசருக்குத் தாடி ஒன்றுதான் குறைச்சல் என்று வேறு சொன்னாள், பசை போடுகிறவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதன்பிறகு நீ என்ன செய்தாய்? தாத்தாவின் கால்சட்டைச் சிவப்பு மங்கலாக இருக்கிறது என்று நாலு பக்கத்தைத் திரும்ப அச்சடிக்கச் சொன்னாய். சொல், அது உன் உரிமை. ஆனால் அந்தத் தாள் எட்டு நாள் தள்ளி வந்தது, புத்தகம் கடைக்குப் போகிற தேதி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த எட்டு நாளை யார் முதுகில் ஏற்றுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? ஞாயிறு விடுமுறை போயிற்று, டீ குடிக்கிற இடைவேளை போயிற்று, உட்கார்ந்தால் கை மந்தமாகிறதாம், பெஞ்சுகளையெல்லாம் தூக்கிக் குடோனில் போட்டுப் பூட்டிவிட்டார் சூப்பர்வைசர். நாங்கள் முணுமுணுத்ததும் நீ பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வாசித்தார். என் அம்மா அங்கேதான் வேலை செய்கிறார், அவர் இருக்கும்போது ஒரு நாள்கூடத் தாமதம் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அம்மாவைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டாய், தெரியும். ஆனால் அங்கே நிற்கிற பன்னிரண்டு பேரை அடிக்க நீயே சாட்டை பின்னிக் கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து என்னோடு சேர்ந்து ஒருத்தியும் சாப்பிடவில்லை.

போன வியாழக்கிழமை, ஆறு மணி நேரம் நின்றே தைத்ததில் தையல் அக்காவுக்குக் கால் வீங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சு ஏது உட்கார? பக்கத்தில் உன் புத்தகத் தாள்கட்டு இருந்தது, அதன்மேல் உட்கார்ந்தாள், இரண்டு நிமிஷம்கூட இருக்காது. சரக்கின்மேல் உட்கார்ந்து நாசம் பண்ணிவிட்டாள் என்று அங்கேயே, அப்போதே, சூப்பர்வைசர் அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். நான் போய்ப் பார்த்தேன், மேல்தாளில் ஒரு சின்ன மடிப்பு. குள்ளன் முக்காலி கேட்கிற பக்கம்தான் அது, எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. “உன் பொண்ணுக்கு இது தெரியாதுடி, தெரிஞ்சா சும்மா இருக்கமாட்டா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தாலாவது என் மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் அவள் மெஷினில் என்னை நிற்கச் சொன்னார். “அவங்க வந்து நிக்கட்டும், இல்லன்னா மெஷின் சும்மா நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பசை போடுகிறவள் பிரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக எல்லாரும். இன்றோடு நாலு நாள், யாரும் உள்ளே போகவில்லை, உன் புத்தகம் அட்டையில்லாமல் கிடக்கிறது. குழந்தைகள் ஏமாந்துபோவார்களே என்று எனக்கு எழுதாதே, ஜனவரியில் படித்தால் சிரிப்பு வராதா? நீ பதிப்பகத்துக்கு எழுத வேண்டும், தாமதம் என்னால்தான் என்று, தேதியைத் தள்ளுங்கள் என்று, தையல் அக்காவும் பெஞ்சும் திரும்பி வராமல் என் புத்தகம் வெளிவரக் கூடாது என்று. வேறு கூடத்துக்கு அனுப்பிக்கொள்கிறோம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதே, அங்கே நிற்கிறவளுக்கும் கால் இருக்கிறது. இனி உன் புத்தகமே போடமாட்டோம் என்றும் சொல்லலாம். ஆறு வருஷம் படியேறி இறங்கிக் கிடைத்த முதல் புத்தகம் என்று எனக்குத் தெரியாதா, தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லக் கூடாதா என்கிறார். பதமாகச் சொல்ல இன்னொரு நாள் வரும். கண் டாக்டரைப் பார்க்கிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்கிறாய், இந்த வாரம் போய்விட்டு வா. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல், தலை நிமிர்ந்து நீண்ட நாள் வாழ வேண்டும். நேற்று தையல் அக்கா வீட்டுக்குப் போய், என் மகள் எழுதுவாள், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். நீ மட்டும் என்னைக் கேட்டா எழுதினாய்?

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற கோபக்காரி,
அம்மா