அழுகை முதல், உலக்கை பிறகு

அன்றைக்கு எங்கள் வளவுக்குள் நின்றவர்களை ஒருவர் விடாமல் சொல்கிறேன். அறை வாசலில் என் மாமி. குசினியில் சுடுதண்ணீரோடு பக்கத்து வீட்டுக் கனகம்மா. முற்றத்தில், கையில் உலக்கையோடு, என் மனிதரின் தமக்கை பவளம். உள்ளே பாயில் நான். என் காலடியில், பிள்ளையை ஏந்த, நீங்கள். என் மனிதர் கடலுக்குப் போயிருந்தார். அவர் இருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

இன்றைக்கு இதை எழுதவைத்தது மணம். குசினிக்குள் சரக்கு அரைத்து வைத்திருக்கிறார்கள். மிளகு, மல்லி, மஞ்சள், உள்ளி எல்லாம் சேர்ந்த, பிள்ளை பெற்ற வீட்டு மணம். என் பேத்தி நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து பெண்குஞ்சோடு வந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் கறுப்புக் குடையும் சைக்கிள் மணியும் கூடவே வந்துவிட்டன, அக்கா.

காலையில் ஒரு பெட்டை ஸ்கூட்டரில் வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டுப் போனாள். அவளைப் பேத்தி "மிஸ்" என்கிறாள். அரசாங்கத்தில் அவளுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயராம். வாய் நிறைந்த பெயர். உங்களுக்குத்தான் எத்தனை பெயர் இருந்தது! மாமிக்கு நீங்கள் மருத்துவிச்சி. கனகம்மாவுக்கு மிட்வைப் அம்மா. சந்தியில் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு "தாதியார்" என்பார். உங்களுக்கு எது விருப்பம் என்று ஒருநாள் கேட்டேன்.

"நோவு கண்டால் எல்லாரும் அம்மா எண்டுதான் கத்துறவை, பிள்ளை. அதிலை ஒரு கத்தல் எனக்கெண்டு எடுத்துக்கொள்ளுவன்" என்றீர்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்பிள்ளை பிறந்தால் கூரைக்கு மேலால் உலக்கையை எறிவார்கள். பெண் என்றால் கூட்டுகிற ஈர்க்குக்கட்டு. எதை எறிகிறார்கள் என்று பார்த்து அயல் முழுக்கச் செய்தி அறிந்துகொள்ளும். என் வயிறு கூராக இருக்கிறது, ஆண்தான் என்று பவளம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அன்று ஈர்க்குக்கட்டை எடுத்துவைக்கக்கூட விடவில்லை.

மத்தியானம் பிள்ளை வந்தது. சத்தமில்லை. உங்கள் கையில் நீலம் பாரித்துப்போய்க் கிடந்தது. மாமி தெய்வங்களைக் கூப்பிடத் தொடங்கினா. "கத்தாதேங்கோ, எனக்குக் கேக்கோணும்" என்று ஒரு அதட்டல் போட்டீர்கள். பிறகு குனிந்து, பிள்ளையின் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை உங்கள் வாயாலேயே உறிஞ்சித் துப்பினீர்கள். உள்ளங்காலைத் தட்டினீர்கள். மெல்ல ஊதினீர்கள். "அழடி என்ரை ராசாத்தி, கொப்பருக்குக் கடலிலை கேக்கிற மாதிரி அழடி" என்றீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் பிள்ளை இருக்குதா இல்லையா என்று அந்த முகத்தில்தான் தெரியும்.

முதலில் ஒரு பூனைக்குட்டிச் சத்தம். பிறகு ஒரு விக்கல். பிறகு வீடு அதிர அழுகை.

அதற்குப் பிறகுதான் உலக்கை பறந்தது. என்ன பிள்ளை என்று பவளம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூரைக்கு அந்தப் பக்கம் இருந்த தகரப் பீப்பாவின் மேல் விழுந்த சத்தத்தில் கனகம்மாவின் கோழிகள் வேலி பாய்ந்தன. "பொடியனாம்! பொடியனாம்!" என்று ஒழுங்கை முழுக்க ஒரே கூச்சல்.

நீங்கள் பிள்ளையோடு வாசலுக்குப் போனீர்கள்.

"ஆரடி உலக்கை எறிஞ்சது? இஞ்சை பெட்டைக்குஞ்செல்லோ கிடக்குது!"

மாமியின் குரல்: "பவளம், ஓடிப்போய் ஈர்க்குக்கட்டை எடுத்துக்கொண்டு வா. மாத்தி எறிவம்."

ஊரே வரவேற்ற பிள்ளையை, பிழை நடந்துவிட்டது என்று இறக்கிவைக்கப் போகிறார்கள். எழும்பிப் போய் மறிக்க உடம்பில் பலமில்லை.

"ஒருத்தரும் ஒண்டையும் மாத்தவேண்டாம்" என்றீர்கள். "மூச்சுக்குச் சண்டை பிடிச்சு வென்று வந்தவளுக்கு உலக்கைதான் பொருத்தம். மச்சாள்காரி தெரியாமல் எறிஞ்சாலும் சரியாத்தான் எறிஞ்சிருக்கிறா." சொல்லிவிட்டு நீங்களே நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டீர்கள். அப்படி ஒரு குரவையை நான் கோயிலிலும் கேட்டதில்லை. கனகம்மா சேர்ந்தா. கடைசியில் மாமிக்கும் சிரிப்பு வந்து, அவவும் சேர்ந்தா. பாயில் கிடந்த நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது.

கரைக்கு வந்த என் மனிதரிடம் மகன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கற்கண்டோடு ஓடிவந்தவர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "உலக்கைக்காரி!" என்று வெடித்துச் சிரித்தார். அவர் கண்மூடும்வரைக்கும் மகளுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த அன்று உங்களைப் பந்தியில் முதலாவதாக இருத்தினேன். அப்போதுதான் பவளம் வந்த சனத்துக்குச் சொல்லத் தொடங்கினாள்: "பிள்ளை அழவே இல்லை. நான் எறிஞ்ச உலக்கை விழுந்த சத்தத்திலைதான் திடுக்கிட்டு அழுதது!"

மறித்துச் சொல்ல நான் வாய் திறந்தேன். நீங்கள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "ஓம் ஓம், அடுத்த பேறுக்கு உலக்கையையே கூப்பிடுங்கோ, நான் வீட்டிலை படுக்கிறன்" என்றீர்கள். பந்தியே சிரித்தது. பிறகு கிணற்றடியில் என் கையைப் பிடித்து, "விடு பிள்ளை. அவள் அழுதாள். அது காணும்" என்றீர்கள்.

உங்களுக்கு அது போதும், அக்கா. எனக்குக் காணாது. உங்கள் செத்த வீட்டிலும் பவளம் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தாள், உங்கள் கால்மாட்டில் நின்றுகொண்டு.

இன்றைக்குக் காலையில் பவளம் கனடாவிலிருந்து கைபேசியில் முகம் காட்டிக் கதைத்தாள். தொண்ணூறு வயதாகப்போகிறது, பல் ஒன்றுமில்லை. பேத்தியிடம் தொடங்கிவிட்டாள்: "உன்ரை கொம்மா என்ரை உலக்கையாலைதான்..." என் மகளும் பக்கத்தில் இருந்து, "ஓமோம் மாமி" என்று சிரிக்கிறாள். அவளுக்கு மூச்சுக் கொடுத்தவரை அவளுக்கே தெரியவில்லை.

கைபேசியை வாங்கி வைத்தேன். எல்லாரையும் இருத்தினேன். ஸ்கூட்டர்ப் பெட்டையும் புறப்படாமல் நின்று கேட்டாள். அழுகை முதல், உலக்கை பிறகு என்று, நீங்கள் துப்பிய சளியிலிருந்து ஓடிய கோழிவரைக்கும் சொன்னேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெட்டை, "அந்த அம்மாவின்ரை பேர் என்ன, அம்மம்மா?" என்று கேட்டு, நான் சொன்னதை ஒருதரம் தானும் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு நான் குரவை போட்டேன். குரல் கிழிந்துபோயிற்று. குழந்தை முழித்துக்கொண்டு வீடு அதிர அழுதது. எல்லாருக்கும் சிரிப்பு. நீங்கள் தந்ததில் அந்தக் குரவை இன்னும் என் தொண்டையில் இருக்கிறது, கொஞ்சம் உடைந்துபோய்.

மாமியை மன்னித்துவிட்டேன். பரியாரியாரையும் மன்னித்துவிட்டேன். கனகம்மாவின் கோழி என் கீரைப்பாத்தியைக் கிளறியதைக்கூட மன்னித்துவிட்டேன். நீங்கள் விடச் சொன்னாலும் விடமாட்டேன், அக்கா, பவளத்தை.