பர்வதமலைக்கு நான் சுமந்த தண்ணீர்

ஜீயபுரம்,
10.3.2025

என் செல்லம் தேவதர்ஷினிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன், நம் வாழையும் நன்றாக இருக்கிறது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். பத்து நாளாக நீ போன் எடுக்கவில்லை, கோபம் புரிகிறது. எடுத்தாலும் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முழுதாகப் படி.

முந்தாநாள் பர்வதமலை ஏறினேன். ஆமாம், நானேதான். பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு வேனில் இடம் இருக்கிறது என்றாள், கிளம்பிவிட்டேன். மலைக்கோட்டை ஏறிப் பழகியவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்துவிட்டேன். மலைக்கோட்டையில் படி இருக்கிறது, இறங்கினால் காபி இருக்கிறது. இங்கே பாறையில் அடித்த கடப்பாறைகளைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் தண்ணீர் கிடைக்காது என்று இரண்டு லிட்டர் காவிரித் தண்ணீர், நம் தோட்டத்துப் பூவன் சீப்பு, பால் பாக்கெட் எல்லாம் சுமந்தேன். ஜீயபுரத்தில் வாங்கிய பாலை அந்த வெயிலில் கொண்டுபோனால் திரியாமல் என்ன செய்யும்! வள்ளிக்கண்ணு, “தயிர்னு சொல்லி ஊத்திடலாம் விடுங்கக்கா” என்று சிரித்தாள். ஐந்து மணி நேரம் ஆனது. முட்டி இன்னும் வலிக்கிறது, தைலம் தேய்க்கிறேன், பயப்படாதே.

உச்சியில் வழக்கம்போல ஓரமாக நின்று, பாட்டிலை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்து நீ ஊற்று என்றேன். அப்பா போன இந்த இரண்டு வருடமாக எல்லா விசேஷத்திலும் அப்படித்தானே நிற்கிறேன். யாரும் ஒதுக்கவில்லை, நானே ஒதுங்கிக்கொள்கிறேன். அங்கே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விடவில்லை. “இங்க அவங்கவங்க கையாலதாம்மா அபிஷேகம். சுமந்துட்டு வந்தது நீங்க, நீங்களே ஊத்துங்க” என்றார். ஊற்றினேன். லிங்கத்தைத் தொட்டுத் துடைத்துப் பூ வைத்தேன். அழுகை வந்துவிட்டது தர்ஷினி, அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

இறங்கும் வழியெல்லாம் உன் ஞாபகம்தான். வளைகாப்புக்கு முதல் வளையல் நீதாம்மா போடணும் என்று கேட்டாய், சுமங்கலிகள் போடட்டும், நான் பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொல்லி உன்னை அழவைத்தேன். தப்பு என்மேல்தான். சாமிக்குத் தண்ணீர் ஊற்றிய கை, பெற்ற பெண்ணின் கையைத் தொடக் கூடாதா? மாப்பிள்ளையிடம் சொல்லி டிக்கெட் போடு. வளைகாப்பு ஏப்ரல் பதினெட்டு, நான் ஒரு வாரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ நடுவில் வராதே.

நேற்றே சின்னக்கடை வீதிக்குப் போய்ப் பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல் வாங்கிவிட்டேன். உன் அளவு இரண்டே கால், இப்போது கை வீங்கியிருக்கும் என்று இரண்டரை வாங்கினேன். பெட்டியில் போடமாட்டேன், மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன்.

பர்வதமலை மல்லிகார்ஜுனர் உன்னையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றுவார். இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. நான் வந்து சேரும்வரை உன் கையில் ஒரு வளையலும் ஏறக் கூடாது.

முதல் வளையல் போடப்போகிற
உன் அம்மா,
பானுமதி