டேப்லெட்டின் முதுகில் ஒட்டிய ஜிகினாத்தாள்

அனுப்புநர்:
மு. சிராஜுதீன்,
மளிகைக்கடை உரிமையாளர்,
பெரிய தெரு, சோரியாங்குப்பம்,
புதுச்சேரி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம்.

பொருள்: எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் டோக்கன் படிக்காத கோளாறு – காரணம் என்னால் கண்டுபிடிக்கப்பட்டது – எனவே பழைய பெயர்கள் அழிக்கப்படுவதை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி ஊரில் நெடுங்காலமாகக் கடை நடத்தி வருகிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு என்பது இந்தக் காலத்துக் காலேஜுக்குச் சமம் என்பது தாங்கள் அறியாததல்ல. என் தகப்பனார் பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்ற நகராட்சி ஆபீசுக்கே மனு எழுதியவர். அவர் கையெழுத்தைப் பார்த்து உள்ளே இருந்த வெள்ளைக்காரத் துரை எழுந்து நின்றதாகக் கேள்வி. என் மனுக்களும் வீண் போனதில்லை. தெருவிளக்கு, மதகுக் கதவு, பேருந்து நிறுத்தம் மூன்றும் என் மனுவால் வந்தவை. பேருந்து மட்டும் இன்னும் நிற்பதில்லை; அது ஓட்டுநரின் குறை, மனுவின் குறையல்ல.

1. எங்கள் குடிநீர் நிலையத்தில் ஒரு கம்பத்தில் டேப்லெட் பொருத்தப்பட்டுள்ளது. வீட்டுக்கு ஒரு நீல டோக்கன், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. அதை டேப்லெட்டின் முதுகுப்பக்கம் கொண்டுபோய்த் தொட்டால் ‘கிணிங்’ என்ற ஓசை வரும். உடனே ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி டோக்கனுக்கு உரியவரின் பெயரைச் சொல்லும். பிறகு குழாய் திறக்கும். அந்தக் கிணிங் ஓசை காற்று சரியாக இருந்தால் ஆற்றுக்கு அக்கரையில் தமிழ்நாட்டுக்காரர் காதிலும் விழும்.

2. ஐயா, அந்த ஆரம்ப நாட்களைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வரிசை ஏரிக்கரை வரை நின்றது. பந்தல் அலங்காரம் செய்யும் பக்கிரிசாமியை ஊரே ‘மொட்ட’ என்றுதான் கூப்பிடும். இயந்திரம் ‘வணக்கம், பக்கிரிசாமி’ என்றதும் மனிதர் அசையாமல் நின்றுவிட்டார். அன்றைக்கே மறுபடி மறுபடி குடத்தோடு வந்தார். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் கலியம்மாள், “இன்னா மாமா, வூட்ல திமிங்கலம் வளக்கிறியா?” என்று கேட்டே விட்டார். “தண்ணி ருசியா கீதுடி, உனக்கின்னா?” என்றார் பக்கிரிசாமி. எதற்காக வந்தார் என்று எல்லாருக்கும் தெரியும்.

3. என் வீட்டு டோக்கன் என் மனைவி ரஹ்மத் பீவியின் பெயரில் உள்ளது. முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். ‘வணக்கம், ரஹ்மத் பீவி’ என்று கேட்டதும் அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஓரடி பின்னால் போய்விட்டார். “யாருங்க இவ? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நீங்க ஒரு தபா என் பேரச் சொல்லியிருப்பீங்களா?” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. “இப்பவாச்சும் சொல்லு பாய், நாங்க சாட்சி கீறோம்” என்றார் கலியம்மாள். நான் விடவில்லை. “கவர்மெண்டே சொல்லிடுச்சு, அதுக்கு மேல நான் வேற சொல்லணுமா?” என்றேன். அந்தப் பதிலை ஊர் இன்றைக்கும் பேசுகிறது.

உள்ளபடியே நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘இந்தா’ என்பேன், அதற்கே திரும்பிப் பார்ப்பார். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம், மரியாதையும் கூட. அந்த நாளுக்குப் பிறகு தண்ணீர் பிடிக்க அவர் வேறு யாரையும் விடவில்லை. முகம் கழுவிக்கொண்டு கிளம்புவார். குடம் நிறைந்திருக்கும் நாளிலும் கிளம்புவார். நானும் கேட்டதில்லை.

4. மேற்படி ரஹ்மத் பீவி கடந்த ரமலானுக்குப் பிறகு காலமானார். அதன்பின் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். கடையில் ஒரு பருப்புப் பொட்டலத்தைக்கூட எடுத்துக் கொடுக்காமல் அதிகாரம் செய்தவன், குடம் தூக்கினேன். காரணத்தை விரிவாக எழுதத் தேவையில்லை என்று கருதுகிறேன்.

5. இப்போது கோளாறுக்கு வருகிறேன். ஆயுத பூசையன்று பம்பு, மோட்டார், தராசு எல்லாவற்றுக்கும் செய்வதுபோல, மாலையில் தண்ணீர் விட்டு முடிந்தபின் டேப்லெட்டுக்கும் பூசை நடந்தது. தொட்டால் பேசும் இடம்தான் அதற்கு நெற்றி என்று முடிவு செய்து, பக்கிரிசாமி அதன் முதுகில் வெள்ளி ஜிகினாத்தாளைத் தாமரை வடிவில் வெட்டி ஒட்டினார். கலியம்மாள் அதன்மேல் சந்தனம், குங்குமம் வைத்தார். உண்மையில் அழகாகவே இருந்தது. மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒன்றாக வந்ததால் நிலையம் மூடியிருந்தது. அதற்கடுத்த நாள் டேப்லெட் பொருத்திய நிறுவனத்து இன்ஜினியர் வந்து, மழைக்குப் பாதுகாப்பாக டேப்லெட்டைக் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றார். அன்று முதல் டோக்கன் படிக்கவில்லை. கலியம்மாள் கையால் வால்வைத் திறந்துதான் தண்ணீர் விடுகிறார்.

6. இன்ஜினியர் மறுபடி வந்தார். அணைத்துப் போட்டார். செட்டிங்கில் டோக்கனைப் படிக்கும் என்.எஃப்.சி. என்பதை நிறுத்தி மீண்டும் இயக்கினார். ஆப்பைப் புதுப்பித்தார். எல்லாவற்றையும் முன்பக்கமிருந்தே செய்தார். பூசை அலங்காரம்தானே என்று முதுகைக் கண்டுகொள்ளவில்லை. முடிவில், பெண்கள் டோக்கனை இடுப்பில் செருகிச் செருகிக் கெடுத்துவிட்டார்கள், கலியம்மாளும் கவனிக்கவில்லை என்று குறை எழுதி, பழைய பட்டியலை அழித்துவிட்டு எல்லாருக்கும் புது டோக்கன் தரப்படும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். உரியவர் நேரில் வந்து கைரேகை வைத்தால்தான் பெயர் ஏறுமாம்.

ரஹ்மத் பீவி நேரில் வர இயலாத இடத்தில் இருக்கிறார், ஐயா.

7. ஆகவே நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். எங்கள் டோக்கனை என் மகன் மாலிக்கின் போனின் முதுகில் வைத்தேன். போன் உடனே ஓசை கொடுத்தது. ஆக டோக்கன் நன்றாக இருக்கிறது. பிறகு கடையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டின் உட்புற வெள்ளித்தாளைப் போனுக்கும் டோக்கனுக்கும் நடுவில் வைத்தேன். சத்தமே இல்லை. எடுத்தேன், ஓசை வந்தது. வைத்தேன், போய்விட்டது. பிளாஸ்டிக் டப்பா மூடியை நடுவில் வைத்தும் பார்த்தேன், அது தடுக்கவில்லை. எனவே குற்றம் பெட்டியுடையதல்ல, ஜிகினாவுடையது. இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டில் பெரிய பெரிய ஆய்வுக்கூடம் வைத்திருப்பார்கள். எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டில் முடிந்தது. “அத்தா, பிஸ்கட்டாவது குடுங்க” என்று மாலிக் கேட்டான். கொடுத்தேன்.

8. உடனே ஏன் பிய்க்கவில்லை என்று தாங்கள் கேட்கலாம். ஒன்று, சாவி இன்ஜினியரிடம். மற்றொன்று, பூசைக்கு வைத்ததை அது தானாக உதிரும் வரை யாரும் கைவைப்பதில்லை. கலியம்மாளிடம் விவரம் சொன்னேன். “சாமிக்கு வெச்சத நான் எப்படி பாய் பிக்கிறது?” என்று கலங்கினார். நான் பிய்ப்பது முறையுமல்ல. அவர்கள் வைத்த பொட்டில் நான் கைவைத்து, ஊரில் ஒரு சொல் வந்துவிடக்கூடாது. பக்கிரிசாமிதான் கடைசியில் வழி சொன்னார். “பொங்கல் கோலத்த கூட்டறமே, அதுமாரிதான். கற்பூரம் ஏத்திட்டு நானே எடுத்துடறேன். தொறந்து மட்டும் உட சொல்லு, பாய்” என்றார்.

எனவே ஐயா, தாங்கள் கருணை கூர்ந்து,

– பெயர்ப் பட்டியலை அழிக்கும் வேலையை இன்றே நிறுத்தி வைக்கவும்,
– இன்ஜினியரைச் சாவியோடு அனுப்பி, பக்கிரிசாமியின் கையாலேயே ஜிகினாவை எடுக்கச் செய்யவும்,
– கலியம்மாள் மேல் எழுதப்பட்ட குறையை நீக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

என் கண்டுபிடிப்பு தவறாக இருந்தால் பட்டியலைத் தாராளமாக அழித்துக்கொள்ளலாம். தவறாக இருக்காது. இருந்தாலும், அழிப்பதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும். வீட்டில் நான் தனியாக அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. இயந்திரம் சொல்வதுபோல் இல்லை.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,

மு. சிராஜுதீன் (ஒப்பம்)

இடம்: சோரியாங்குப்பம்
நாள்: 27.10.2025

இணைப்பு: ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய பிஸ்கட் பாக்கெட் வெள்ளித்தாள், ஒன்று. டோக்கன் இணைக்கப்படவில்லை. தாங்கள் நேரில் வந்தால் காட்டுகிறேன். கையில் தர இயலாது, மன்னிக்கவும்.