ஈரமண் சுவர், நீலக் கதவு

மார்ச் 4, ஞாயிறு

கொழுந்தன் வீட்டில் சாப்பாடு. சாப்பாடு ஒரு சாக்கு. புது பெயிண்டைக் காட்டத்தான் கூப்பிட்டார்கள். ஹால் முழுக்க ஈரமண் நிறம், சமையலறை களிமண், படுக்கையறை பாசி. சோபா உறை, திரை, கதவு எல்லாம் அதே வரிசையில். உள்ளே நுழைந்ததும் மழை விட்ட தோட்டத்துக்குள் வந்தது போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஓரகத்தி ஒவ்வொரு சுவராகத் தடவிக் காட்டினாள். "எல்லாமே மண்ணு, செடி, பாறையில இருக்கற கலர்க்கா. கண்ணை உறுத்தாது."

அப்படியென்றால் என் வீடு உறுத்துகிறது! சமையலறை மஞ்சள், குளியலறைக் கதவு நீலம், மீதியெல்லாம் வெள்ளை. கடையில் மிஞ்சிய டப்பாக்களை மலிவாக வாங்கி வந்து என் வீட்டுக்காரர் செய்த கைங்கரியம்.

அத்தை சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "வீடு குளுகுளுன்னு இருக்கும்மா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் என்னோடுதான் இருக்கிறார். என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மார்ச் 7, புதன்

ஓரகத்தி போன் செய்தாள். அத்தையை இரண்டு வாரம் அனுப்ப வேண்டுமாம். "பிடிச்சுப்போச்சுன்னா இங்கேயே இருக்கட்டுமேக்கா. உங்களுக்கும் ரெஸ்ட்."

ரெஸ்ட் வேணும்னு நான் கேட்டேனா?

துணிகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். போர்வையை மட்டும் வேண்டுமென்றே மறந்தேன்.

மார்ச் 8

போர்வையைக் கொடுத்தனுப்பினேன். குளிருமே.

மார்ச் 15, வியாழன்

காலையில் கை தானாக இரண்டு டம்ளரில் காபி ஊற்றிவிட்டது. அங்கேயே தங்கிவிட்டால்? அம்மா போன பிறகு என்னைப் பார்த்து "நீ சாப்டியா?" என்று கேட்க அவர் ஒருவர்தான் இருக்கிறார். இதை யாரிடம் சொல்வது? மாமியாருக்காக ஏங்குகிறேன் என்றால் சிரிப்பார்கள்.

பெயிண்டரைக் கூப்பிட்டுவிட்டேன். இவர், "இருக்கறது நல்லாத்தானே இருக்கு?" என்றார். "உங்கம்மா அங்கேயே இருந்துட்டா நல்லா இருக்குமா?" என்றேன்.

ஷேடு கார்டில் ஓரகத்தி வீட்டு நிறத்தைக் கண்டுபிடித்தேன். அதற்கும் ஒரு கட்டம் கீழே உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். அவளுடையதைவிட என்னுடையது அதிக மண்ணாக இருக்கட்டும்.

மார்ச் 20, செவ்வாய்

முடிந்தது. சுவர், கதவு, சமையலறை எல்லாம் ஒரே ஈரமண். அவள் ஹாலில் நான்கு ஜன்னல். எங்களுடையதில் ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து. இவர் வாசலிலேயே நின்று, "குகை சரி, கரடி எங்க?" என்று கேட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே.

மார்ச் 22, வியாழன்

அத்தை வந்துவிட்டார்! இன்னும் இருக்கச் சொன்னார்களாம், வேண்டாம் என்றுவிட்டாராம். ஜெயித்துவிட்டேன்!

"சுவரைப் பாருங்கத்தை."

"நல்லா இருக்கும்மா."

சாயங்காலம் நடையில் சுவரைத் தடவியபடி நின்றிருந்தார். "ஏம்மா, பாத்ரூம் எங்க போச்சு?" கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 23, வெள்ளி

கண் டாக்டரிடம் போனோம். பார்வை பாதிக்கு மேல் போய்விட்டதாம். இன்று நேற்று அல்ல, ரொம்ப நாளாகவே.

"அப்ப வீட்டுல எப்படி நடமாடறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நீலம் தெரிஞ்சா பாத்ரூம். மஞ்சள் தெரிஞ்சா இவ நிக்கற இடம்."

கொழுந்தன் வீட்டில் சோபா எது, சுவர் எது என்று புரியாமல் இரண்டு வாரமும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். முதல் நாள் குளுகுளு என்றதும் அப்படி உட்கார்ந்த இடத்திலிருந்துதான்.

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லல?"

"சொன்னா தனியா எழுந்திருக்க விடமாட்டியே."

எப்படிப் புரியாமப் போச்சு எனக்கு? தினமும் கூடவே இருக்கேனே! பாவி, அவங்க தடம் பிடிச்சு நடந்த ரெண்டு கலரையும் பூசி மூடிட்டேனே. எதுக்கு? அவளைவிட ஒரு கட்டம் கீழே போறதுக்கு!

மார்ச் 25, ஞாயிறு

கதவுக்கு நீலம். சமையலறைக்கு மஞ்சள். நானே அடித்தேன், இரண்டு இடத்தில் ஒழுகிவிட்டது. மண் நிறத்துக்கு நடுவில் நீலம் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அத்தை தள்ளி நின்று பார்த்தார். "ம். வந்துடுச்சு."

ஏப்ரல் 1, ஞாயிறு

அத்தை கண் விஷயம் கேள்விப்பட்டு ஓரகத்தி வந்தாள். அத்தை யார் கையையும் பிடிக்காமல் நேராக நீலக் கதவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். போன மாதம் முழுக்க என் கண்ணாடியில் பார்த்த முகம்.

"அது என்ன நீலம்க்கா? எங்க பாத்ரூம் கதவுக்கும் அடிச்சுடறேன். அப்பவாவது அத்தை வந்து இருப்பாங்கல்ல?"

"டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டேனே" என்றேன், கூசாமல்.

கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "பொய் சொல்றா. பரண்ல பாதி டப்பா இருக்கு, எடுத்துக் கொடு."

ஸ்டூல் போட்டு ஏறி நீலத்தை இறக்கிக் கொடுத்தேன். மஞ்சளை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.