உன் ஆர்ச்சும் என் டெபியனும்

இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்திருந்தார். திருவெறும்பூரில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி வீதி வீதியாக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். கையில் உன் லேப்டாப் பை.

"அக்கா இதை உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க. எட்டு மாசமா எங்களுக்குத்தான் எடுக்க மனசு வரல," என்றார். காபி குடித்தார். உன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க," என்றார்.

தெரியும்தான். பையைத் திறந்ததும் நீ நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு ஆன் செய்தேன். நான் முதலில் தேடியது உன் போட்டோக்களை அல்ல, அப்டேட் பதிவை. எந்த நாளில் எந்த மென்பொருள் புதிதாக ஏறியது என்று கம்ப்யூட்டர் தானாகவே எழுதிவைக்கும் கோப்பு அது. வருஷக்கணக்காக ஒவ்வொரு நாளும் காலை ஆறேகால் மணி வாக்கில் உன் பதிவு இருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால், மற்றவர்கள் பேப்பர் படிக்கிற நேரத்தில், நீ அப்டேட் போட்டிருக்கிறாய்.

ஒரே கல்லூரியில், ஒரே கம்ப்யூட்டர் துறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தோம். நீ பாடம் எடுத்தாய், நான் லேப் பொறுப்பு. இரண்டு பேருக்கும் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். ஆனால் லினக்ஸைத் தொகுத்துத் தருகிறவர்கள் பலர்; நான் டெபியன், நீ ஆர்ச். டெபியனில் எதுவும் சோதித்துச் சோதித்து, கொஞ்சம் பழசான பிறகுதான் வரும். ஆர்ச்சில் இன்று வெளியானது நாளைக் காலையில் வாசலில் நிற்கும். ஓடுகிற மெஷினைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. "அப்டேட்னா உனக்கு ஏன்டி இவ்வளவு பயம்? தினம் கொஞ்சம் கொஞ்சமா மாறினா வலிக்காது. மொத்தமா சேத்து வச்சாத்தான் வலிக்கும்," என்பாய்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு உறையூரில், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் கூடும் நம் லினக்ஸ் குழுவிலும் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். உபுண்டு என்ற லினக்ஸை வைத்திருக்கும் பேங்க்காரருக்கு அப்டேட் அறிவிப்பைப் பார்த்தாலே எரிச்சல். "அஞ்சு வருஷம் தாங்கும்னுதானே இதைப் போட்டேன், என்னை நிம்மதியா விட மாட்டேங்குதே," என்று மூடிவிடுவார். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் ஃபெடோராக்காரர் நேர் எதிர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதுப் பதிப்புக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருப்பார். நீ எல்லோரையும் கிண்டல் செய்வாய். ஆனால் யாருடைய மெஷினாவது நின்றுபோனால் முதலில் உட்காருவது நீதான்.

அந்தச் செய்முறைத் தேர்வு நாளைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

லேப் கம்ப்யூட்டர்களில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் போட வேண்டும் என்று முதல் நாளே சொன்னாய். "எக்ஸாம் முடியட்டும்டி," என்றேன். மறுநாள் காலை ஏழரைக்கே வந்து, சாவி வாங்கித் திறந்து, எல்லா மெஷினிலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டாய். பாதியில் கரண்ட் போனது. அரை மணி நேரம் தாங்க வேண்டிய யுபிஎஸ் இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் திரும்பி வந்தபோது பாதி மெஷின்கள் எழுந்திருக்கவே இல்லை. தேர்வு இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்தவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

துறைத் தலைவர் வந்து கேட்டார். "நான்தான் சார் போட்டேன்," என்றாய் உடனே. அவர் என் பக்கம் திரும்பினார். "யுபிஎஸ் என்னம்மா ஆச்சு?"

"ரொம்ப நேரம் கரண்ட் இல்லைங்க சார்," என்றேன்.

பேட்டரி மாற்ற வேண்டிய தேதி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதற்குக் கடிதம் எழுத வேண்டியது நான். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு உன்னிடம், "கேக்காம செஞ்சா இப்படித்தான்," என்று வேறு சொன்னேன். நீ முதல் மெஷினின் முன்னால் உட்கார்ந்தாய். இரண்டு பேரும் சேர்ந்துதான் எல்லாவற்றையும் சரிசெய்தோம். அனுமதியில்லாமல் அப்டேட் செய்ததாக உனக்கு மெமோ வந்தது. லேப் கமிட்டியிலிருந்தும் உன்னை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். உங்கள் வீட்டுப் புளிக்குழம்பு எனக்கு வந்தது, எங்கள் வீட்டுத் தயிர்சாதம் உனக்கு வந்தது. அப்டேட்டைப் பற்றி மட்டும் நீ என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாய்.

ஒரு வருஷம் கழித்து உனக்கு உடம்புக்கு வந்தது. தில்லைநகர் ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றப் போகும் நாட்களில், உன் தம்பிக்கு ஷிப்ட் இருந்தால் நான் லீவு போட்டுவிட்டு வருவேன். அப்படி ஒரு நாள், பெயர் கூப்பிடும் வரை காத்திருந்தபோது, நீ மடியில் லேப்டாப்பை வைத்து அப்டேட் போட்டுக்கொண்டிருந்தாய்.

"ஒண்ணு சொல்லணும்டி," என்றேன். "அன்னைக்கு அந்த யுபிஎஸ் பேட்டரி..."

"அஞ்சு மாசம் லேட். தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பேட்டரி மேலயே தேதி ஒட்டியிருந்துதே. அன்னைக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் சார்கிட்ட சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். பிறகு லேசாகச் சிரித்தாய். "டெபியன் ஆளாச்சே. லேட்டாத்தான் வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார்கிட்டயும் சொல்லிடறேன்," என்றேன்.

"சொல்லு," என்றாய். அதற்குள் உன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் சொல்லவில்லை. உன் சிகிச்சை முடியட்டும் என்று நினைத்தேன். அப்புறம் துறைத் தலைவர் மாறினார், புதியவருக்கு இந்தக் கதை எதற்கு என்று நினைத்தேன். அப்புறம் நீ போய்விட்டாய்.

பதிவில் அந்த ஆஸ்பத்திரி நாளும் இருக்கிறது, காலை பதினொன்றே முக்கால் என்று. அதற்குப் பிறகு இடைவெளிகள் வருகின்றன. ஒரு நாள், நான்கு நாள், ஒன்பது நாள். கடைசியாக நீ ஏற்றியது ஏதோ எழுத்துருத் தொகுப்பு. அதோடு நின்றுவிட்டது.

இந்த மாதக் குழுக் கூட்டத்துக்கு லேப்டாப்பை எடுத்துப் போனேன். "நானா இருந்தா தொட மாட்டேங்க. அவங்க வச்ச மாதிரியே இருக்கட்டும்," என்றார் பேங்க்காரர். பொன்மலைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆர்ச்சை இப்படி விடக் கூடாதுங்க. இன்னும் விட்டீங்கன்னா இன்னும் சிக்கலாகும்."

உன் கோப்புகளையெல்லாம் முதலில் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். லேப்டாப்பின் சார்ஜைப் பார்த்தேன், பிளக்கையும் பார்த்தேன். எட்டு மாதத்து அறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முதல் முயற்சியில் ஏறவில்லை. இடையில் வந்த மென்பொருட்கள் அசல்தானா என்று சரிபார்க்கும் டிஜிட்டல் சாவிகள் உன் மெஷினில் இல்லை. சாவிகளை மட்டும் முதலில் புதுப்பித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. தொட வேண்டாம் என்ற பேங்க்காரர்தான் கடைசி வரை என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். மெஷினை அணைத்துப் போட்டபோது திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு உன் பெயரோடு பாஸ்வேர்டு கேட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. கல்லூரிக்குப் போனதும், வேறு வேலை எதுவும் தொடாமல், அரைப் பக்கம் எழுதினேன். பேட்டரி காலாவதியானது எனக்குத் தெரியும், கடிதம் எழுதாதது என் தவறு, அன்றைய தாமதத்துக்குப் பெரிய காரணம் அதுதான் என்று. அதை ஆபீஸ் சூப்பிரண்டிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

"அவங்களே இல்லையேங்க மேடம். இப்ப இதை எந்த ஃபைல்ல போடறது?"

"அவங்க ஃபைல்லயே போடுங்க சார். அதுல ஒரு மெமோ இருக்கு, அதுக்கு மேல வைங்க."

"உங்களுக்கு மெமோ வரும், பரவாயில்லையா?"

"வரட்டுங்க."

அவர் சீல் வைத்து நகலைத் திருப்பித் தந்தார். இதனால் எதுவும் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில் நீ சொன்ன அந்த "சொல்லு" என்னிடமே தங்கிவிட்டது. இப்போதெல்லாம் எதையாவது தள்ளிப்போட நினைத்தால் அது உன் குரலில் கேட்கிறது. நான் இன்னும் டெபியன்தான், அதில் மாற்றமில்லை.

வியாழக்கிழமை எனக்கு மெமோ வந்தது. மூன்று நாளில் பதில் தர வேண்டும் என்று போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.