கடலை நிறுத்தப்பட்ட நாட்கள்

நாள் 112, 08:10
நிலவின் தென்முனை ஆய்வுக்கூடம். எழுதுவது முனைவர் சந்தனமேரி, நடத்தைப் பகுப்பாய்வாளர். இங்கே மனுஷி நான் ஒருத்திதான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு நாட்டுக் குரங்குகள். காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். வெப்பம் 22 டிகிரி.

பொத்தானை அழுத்தினால் வேர்க்கடலை விழும். எந்த அழுத்தலுக்கு விழும் என்று குரங்குகளுக்குத் தெரியாது. சில சமயம் ஐந்தாவது, சில சமயம் எண்பதாவது. இன்று காலை மூன்றாம் எண் குரங்கு 412 முறை அழுத்தியது. எப்போதும் கிடைப்பதைவிட எப்போதாவது கிடைப்பதுதான் ஓர் உயிரைக் கட்டிப்போடும். எவ்வளவு இறுக்கமாக என்று அளப்பது என் வேலை.

இந்தக் குறிப்பேட்டில் செய்ததை மட்டும் எழுதுவேன். கோபம், ஏக்கம் என்றெல்லாம் எழுத மாட்டேன். அவற்றை எந்தக் கருவியும் அளந்ததில்லை.

நாள் 119, 10:40
சரக்குக் கலம் வர இன்னும் அறுபது நாள் ஆகுமாம். பூமியிலிருந்து இயக்குநர் தவசிலிங்கம் பேசினார்.

"கடலைய இன்னையோட நிறுத்திருங்க மேரி. பொத்தான் அப்படியே இருக்கட்டும்."

"இத்தன நாள் விட்டுவிட்டுக் குடுத்திருக்கோம் சார். லேசுல விடாது. மொதல்ல வெறி புடிக்கும், ஒண்ணையொண்ணு கடிச்சிக்கிடும்."

"அதையும் எழுதி அனுப்புங்க. அதுக்குத்தான உங்கள அனுப்புனோம்."

இனி ஒரு வேளைத் தீவன மாவு மட்டும்.

நாள் 121, 09:15
மூன்றாம் எண் ஒரு மணி நேரத்தில் 2,960 முறை. விரல் நுனி பிய்ந்து பொத்தான் சிவந்திருக்கிறது. ஐந்தாம் எண் இரண்டாம் எண்ணின் காதைக் கிழித்தது. பிறகு மூன்றாம் எண் காற்றுக்குழாயில் தொங்கி அதை உலுக்கியது. நாற்பது நிமிடம் விடாத கத்தல்.

கண்ணாடிச் சுவரின் தீவனத் துவார மூடியைத் திறந்து, என் பங்கிலிருந்து ஒரு கைப்பிடிக் கடலையைப் போட்டேன். உடனே அடங்கியது.

செய்திருக்கக் கூடாது.

நாள் 122, 13:30
குழாயை உலுக்கினால் கடலை வரும் என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டன. இப்போது ஆறும் உலுக்குகின்றன. தாங்க முடியாமல் இன்னும் மூன்று முறை போட்டேன். குழாயை உடைக்க நானே பழக்குகிறேன். அவையும் என்னைப் பழக்கிவிட்டன. கடலை போட்டால் கத்தல் நிற்கிறது. அடுத்த கத்தலுக்கு என் கை தானாக டப்பாவுக்குப் போகிறது.

மூன்றாம் எண்ணைப் பேச்சி என்று கூப்பிட்டுவிட்டேன். வாய்விட்டு.

நாள் 124, 11:05
குழாய் இணைப்பில் விரிசல். காற்றழுத்தம் 83.

"இடைக்கதவு மூடித்தான கெடக்கு? கொரங்குங்க பக்கத்துக் காத்து வால்வ அடச்சிருங்க" என்றார் தவசிலிங்கம்.

"ஆறு உசுரு சார். ஒட்டிப் பாக்கேன், ரெண்டு மணி நேரம் குடுங்க."

"நான் ஒங்ககிட்ட யோசனை கேக்கல. அடச்சப்புறம் பேசுதேன். அதுவரைக்கும் பேச்சில்ல."

துண்டித்துவிட்டார்.

நாள் 124, 15:50
பதினேழு முறை அழைத்தேன். இரைச்சல் மட்டும். துவாரத்தில் கை விட்டால் கடிக்கின்றன. பசை தடவ முடியவில்லை. காற்றழுத்தம் 71.

நாள் 125, 07:20
அறுபத்து மூன்று முறை அழைத்தாயிற்று. காற்றழுத்தம் 60.

வால்வை அடைத்தேன்.

பேச்சி உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். பதினோரு நிமிடம், விழும்வரை.

ஒலிபெருக்கி உடனே உயிர்பெற்றது. "நல்லது, மேரி."

அழுதேன். பேச்சிக்காக இல்லை. குரல் கேட்ட நிம்மதியில்.

நாள் 126, 14:00
"மின்கலம் எல்லாத்தையும் பதியுற தரவுப் பெட்டிக்கு வேணும். ஒங்க அறை விளக்க அணைங்க" என்றார். அணைத்தேன். "நல்லது" என்றார். அடுப்பைத் துண்டிக்கச் சொன்னார். துண்டித்தேன். பதில் இல்லை. தண்ணீர் சூடாக்கியையும் துண்டித்தேன், அவர் கேட்காமலே. இரண்டு மணி நேரம் கழித்து வந்தது, "நல்லது."

அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் இதைத்தான் படித்தேன், வகுப்பெடுத்தேன். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. கை போகிறது.

நாள் 127, 09:30
"வெப்பமூட்டி எதுக்கு ஓடுது?" அவ்வளவுதான் கேட்டார்.

"அத நிறுத்துனா வெறச்சிப் போயிருவேன் சார்."

பதில் இல்லை. மூன்று மணி நேரமாகப் பதில் இல்லை.

நிறுத்திவிட்டேன்.

நாள் 127, 16:45
வெப்பம் 2. விரல் மடங்கவில்லை. எத்தனை முறை அழைத்தேன் என்ற கணக்கு விட்டுப்போயிற்று. ஒரு சொல் போதும் எனக்கு.

கண்டெடுப்பவர்களுக்கு: தரவுப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் பதிவாகியிருக்கும், இந்த அழைப்புகளும்.

நிறுத்த இங்கே மிச்சம் இருப்பது என் பக்கத்துக் காற்று வால்வு. அதை அவர் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

ஒருவேளை கேட்காமலே செய்தால்