சூசையின் தேத்தண்ணிக்குச் சீனி

1959 ஆவணி, வெள்ளி இரவு

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் படுக்க மனம் வரவில்லை.

கடற்றொழிலாளி சூசை வயிற்றில் புற்றுநோய்க் கட்டியோடு எங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வெட்டி எடுக்க முடியாதென்று கொழும்பில் கைவிட்டுவிட்டார்கள். காலையில் என்னைக் கண்டதும், "டொக்டர், தேத்தண்ணிக்குக் கொஞ்சம் சீனி போடச் சொல்லுங்கோ" என்றார்.

மனைவி திரேசா குறுக்கிட்டாள். "சீனியும் சோறும் குடுத்தால் கட்டிதான் வளருமெண்டு சொல்லுகினம். அதுதான் நிப்பாட்டிப்போட்டன்."

அவளை விறாந்தைக்கு அழைத்துப்போய் விளங்கப்படுத்தினேன். கட்டி சீனியை அள்ளித் தின்பது உண்மைதான். உடம்பு காற்றைக் கொண்டு சீனியை எரிக்கும்; கட்டியோ காற்று இருந்தாலும், கள்ளுப் புளிப்பதுபோல அதைப் புளிக்கவைத்தே வளர்கிறது. ஆனால் நாங்கள் கொடுக்காவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்துச் சீனியாக்கும். கட்டி அதையும் எடுத்துக்கொள்ளும். மெலிவது சூசைதான்.

"அப்ப நான் அவரைச் சும்மாவே பட்டினி போட்டனான்?"

"அவரைக் காப்பாத்தத்தானே செய்தனீங்கள்" என்றேன்.

பின்னேரம் திரேசா கொண்டுவந்த தேத்தண்ணியைச் சூசை சொட்டு விடாமல் குடித்தார். "இப்பத்தான் வாய்க்கு ருசியாக் கிடக்கு" என்றார். அவள் சேலைத் தலைப்பால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

அந்தச் சீனியிலும் ஒரு பங்கைக் கட்டி எடுத்திருக்கும். எடுக்கட்டும்.